ரையன் வில்லியம்ஸ் இந்தியாவுக்கு ஆட வந்துவிட்டார்: நம்ம கடற்கரைக்காரர்கள் என்ன சொல்கிறீர்கள்?

#1 கீழக்கரை ஏழாம் நம்பர்

2025 நவம்பரில் டாக்காவில் நடந்த ஆசியக் கோப்பைத் தகுதிச் சுற்றுக் கால்பந்து ஆட்டம் பார்த்த கடுப்பு இன்னும் இறங்கவில்லை. ஷேக் மொர்சலின் அடித்த ஒரே கோல், 1-0. வங்கதேசம் நம்மை ஜெயித்து 22 வருடம் ஆகியிருந்தது, அந்தப் பெருமையும் முடிந்தது. ஆசியக் கோப்பைக்குப் போகிற வாய்ப்பு அக்டோபரிலேயே கோவாவில் போய்விட்டது, சிங்கப்பூரிடம் 2-1. டாக்கா வெறும் மானத்துக்கான ஆட்டம். அதையும் விட்டாயிற்று.

நான் பேச வந்தது வில்லியம்ஸ் பற்றி. கவனிக்காதவர்களுக்குச் சுருக்கமாக: பெர்த்தில் பிறந்தவர், 32 வயது. ஃபுல்ஹாம், போர்ட்ஸ்மத், பார்ன்ஸ்லி என்று இங்கிலாந்தில் ஆடிவிட்டு, பெர்த் வழியாக 2023இல் பெங்களூரு எஃப்சிக்கு வந்தார். 2019இல் தென்கொரியாவுக்கு எதிராக ஆஸ்திரேலியாவுக்கு ஒரே ஒரு நட்பு ஆட்டம் ஆடியிருக்கிறார். அவருடைய அண்ணன் ரீஸ் மிடில்ஸ்பரோவில் ஆடியவர், அவரும் ஆஸ்திரேலிய அணிக்காரர். அம்மா மும்பை ஆங்கிலோ இந்தியக் குடும்பம். அம்மாவைப் பெற்றவர் லிங்கன் குரோஸ்டேட், 1950களில் பம்பாய் அணிக்காக, மாநில அணிகள் மோதும் சந்தோஷ் கோப்பை ஆடியவர். இந்த நவம்பரில் பேரன் ஆஸ்திரேலியக் குடியுரிமையை விட்டுவிட்டு இந்தியப் பாஸ்போர்ட்டை சுனில் சேத்ரி கையால் வாங்கிக்கொண்டார். டாக்காவுக்கும் அணியோடு போனார். ஆஸ்திரேலியாவிலிருந்து வர வேண்டிய ஒப்புதல் வந்து சேராததால் ஆடவில்லை.

தாத்தா ஆடிய அதே காலத்தில்தான், 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில், பம்பாய்க்காரர் நெவில் டிசூசா ஆஸ்திரேலியாவுக்கு எதிராக மூன்று கோல் அடித்து நாம் 4-2 என்று ஜெயித்தோம். அந்த நாட்டிலிருந்து ஒருவன் நமக்கு ஆட வருகிறான் என்றால் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. வரட்டும். உங்கள் பக்கம் எப்படி?

#2 தொண்டி கோலி

ஏழு, உன் பாசம் புரிகிறது. ஆனால் 32 வயதில் வருகிறவர் எத்தனை வருடம் ஆடுவார்? ஆசியக் கோப்பை வாய்ப்பு போன பிறகு எதற்கு இந்த ஆரவாரம்?

இதே பெங்களூரு சட்டையைப் போட்டு கோல் அடித்தவர் சிவசக்தி நாராயணன். ஊர் கண்டனூர், காரைக்குடிக்குப் பக்கம், நமக்கு ஒரு பஸ் தூரம். அவருக்கு இந்தத் தளத்தில் ஓர் இழை திறந்தோமா? பெர்த்தில் பிறந்தவனுக்கு மட்டும் உடனே திறக்கிறோம். எங்கள் பையன்கள் இன்னும் கடற்கரை மணலில் வலைக்கம்பை நட்டுத்தான் ஆடுகிறார்கள். இந்தியன் சூப்பர் லீக், அதான் ஐஎஸ்எல், இந்த 2025இல் எப்போது தொடங்கும் என்று அதை நடத்துகிறவர்களுக்கே தெரியவில்லை. வேர் காய்ந்து கிடக்கும்போது கிளைக்குத் தண்ணீர் ஊற்றுவதுதான் இது.

#3 ஹாங்காங் காக்கா

தொண்டித் தம்பி, கோபப்படாமல் கேள். ஜூன் 10ஆம் தேதி இங்கே காய் டாக் ஸ்டேடியத்தில் இந்தியா ஹாங்காங்கோடு ஆடியபோது நான் இருந்தேன். கீழக்கரைக் கூட்டம் ஒரு வரிசை முழுக்க உட்கார்ந்திருந்தோம். இஞ்சுரி டைமில் பெனால்டி, ஹாங்காங்குக்கு 1-0. அடித்தவர் ஸ்டீபன் பெரேரா, பிறந்தது பிரேசில். கோவாவில் சிங்கப்பூருக்கு இரண்டு கோலையும் அடித்தவர் சோங் உய்-யங், பிறந்தது தென்கொரியா. வங்கதேசத்தின் நடுக்களம் ஹம்சா சௌத்ரி, பிறந்தது இங்கிலாந்து, லெஸ்டர் ஆட்டக்காரர். மார்ச்சில் ஷில்லாங்கில் நமக்கு எதிராகத்தான் முதல் ஆட்டமே ஆடினார். 0-0.

இந்த ஒரு தகுதிச் சுற்றில் நம்மைத் தோற்கடித்த மூன்று அணியும் வெளியே பிறந்தவர்களை வைத்துத்தான் ஆடின. நாம் மட்டும் சுத்தபத்தமாக இருந்து கடைசி இடம் வாங்கினோம்.

உலகமே இப்படித்தான் போகிறது. 2022 உலகக் கோப்பையில் அரையிறுதி வரை போன மொராக்கோவின் 26 பேரில் 14 பேர் மொராக்கோவுக்கு வெளியே பிறந்தவர்கள். 2026 உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்ற குராசாவ் ஒன்றரை லட்சம் பேர் வாழும் தீவு. அணியில் கிட்டத்தட்ட எல்லாருமே நெதர்லாந்தில் பிறந்தவர்கள். கேப் வெர்டே அணியின் பிகோ லோபஸ் டப்ளினில் பிறந்தவர். அவருக்கு அழைப்பு வந்ததே லிங்க்ட்இன்னில்தான். முதல் செய்தியை ஏதோ விளம்பரம் என்று விட்டுவிட்டார். பிறகு அந்த அணியோடு 2026 உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றார்.

#4 பாம்பன் சுறா

என் தாத்தா பிறந்தது தலைமன்னார். இலங்கை அணியில் பெஞ்சிலாவது ஓர் இடம் கிடைக்குமா? முட்டி வலி உண்டு, முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

#5 ஏர்வாடி விசில்

சுறா வேடிக்கையாகக் கேட்டாலும் பதில் இருக்கிறது. மாவட்ட ஆட்டங்களில் விசில் ஊதியவன் என்பதால் விதியைக் கொஞ்சம் படித்து வைத்திருக்கிறேன்.

ஃபிஃபாவுக்கு முதலில் அந்த நாட்டுக் குடியுரிமை வேண்டும். அது புதிதாக வாங்கியது என்றால் கூடவே ஒரு தொடர்பும் வேண்டும்: ஆட்டக்காரர் அங்கே பிறந்திருக்க வேண்டும், அல்லது பெற்றவர்களில் ஒருவர், தாத்தா பாட்டிகளில் ஒருவர் அங்கே பிறந்திருக்க வேண்டும். இது எதுவும் இல்லையென்றால், பத்து வயதுக்கு மேல் அங்கே போனவர் ஐந்து வருடம் வாழ்ந்திருக்க வேண்டும். காக்கா சொன்ன பெரேராவும் சோங்கும் வாழ்ந்து வாங்கியவர்கள். ஹம்சா அம்மா வழி, வில்லியம்ஸும் அம்மா வழி. எல்லாரையும் ஒரே பட்டியலில் போடுவது சரியில்லை. இந்தத் தொடர்பு விதி வந்ததே 2004இல் கத்தார் பக்கம் பிரேசில் ஆட்டக்காரர்களைக் காசு கொடுத்துக் கூப்பிட்ட பிறகுதான்.

சுறாவுக்குத் தலைமன்னார் தாத்தா இருப்பதால் ஃபிஃபா ஒன்றும் சொல்லாது. ஆனால் இலங்கைக் குடியுரிமை எடுத்த அன்றே இந்தியக் குடியுரிமை போய்விடும், 1955ஆம் வருடச் சட்டம் அப்படி. இலங்கை இரட்டைக் குடியுரிமையை அனுமதிக்கிறது, நாம் அனுமதிப்பதில்லை. வங்கதேசமும் அனுமதிக்கிறது. அதனால்தான் ஹம்சா பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டே அம்மா நாட்டுக்கு ஆடுகிறார். டென்மார்க்கில் பிறந்த ஜமால் பூயான் 2013லிருந்து ஆடுகிறார், அணித் தலைவரே அவர்தான்.

வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்கு நம்மிடம் ஓசிஐ அட்டை உண்டு. விசா இல்லாமல் வரலாம், வேலை பார்க்கலாம், ஆனால் இந்தியச் சட்டை போட முடியாது. இந்தியப் பாஸ்போர்ட் இருந்தால்தான் இந்தியாவுக்கு ஆடலாம் என்று 2008இல் விளையாட்டு அமைச்சகம் முடிவு செய்துவிட்டது. நியூகாசிலில் ஆடிய மைக்கேல் சோப்ரா ஆசைப்பட்டார், நடக்கவில்லை. யான் தாண்டா ஆசைப்பட்டார், அதுவும் நடக்கவில்லை. வில்லியம்ஸுக்கு முன்னால் இதைச் செய்து முடித்தவர் அராட்டா இசுமி. அப்பா இந்தியர், பிறந்தது ஜப்பான். ஜப்பான் குடியுரிமையை விட்டுவிட்டு 2013 பிப்ரவரியில் கொச்சியில் பாலஸ்தீனத்துக்கு எதிராக இறங்கினார். 4-2 என்று தோற்றோம், அது வேறு கதை.

அதனால் வில்லியம்ஸ் விட்டுக்கொடுத்தது சின்ன விஷயம் இல்லை. ஆஸ்திரேலியப் பாஸ்போர்ட்டை யாரும் சும்மா கொடுத்துவிட்டு வரமாட்டார்கள்.

#6 தொண்டி கோலி

விசில் அண்ணே, சும்மா கொடுத்துவிட்டு வந்தார் என்று நானும் சொல்லவில்லை. கணக்குப் பாருங்கள். ஐஎஸ்எல்லில் களத்தில் ஒரே நேரத்தில் நான்கு வெளிநாட்டவர்தான் நிற்கலாம். நேற்று வரை அந்த நான்கில் ஓர் இடம் வில்லியம்ஸுக்கு. இன்றைக்கு அவர் உள்ளூர் ஆட்டக்காரர். பெங்களூருவுக்கு ஐந்தாவது வெளிநாட்டுக் கால் கிடைத்த மாதிரி. சந்தையில் அவர் விலை ஏறுமா, இறங்குமா?

தாத்தா பெயரைச் சொல்லி வருவது எங்கே போய் முடியும் என்பதற்கு மலேசியாவே போதும். ஏழு பேருக்கு ஒரே சமயத்தில் குடியுரிமை, தாத்தா பாட்டி மலேசியாவில் பிறந்தார்கள் என்று சான்றிதழ். ஜூனில் வியட்நாமை 4-0 என்று அடித்தார்கள். அப்புறம் ஃபிஃபா அர்ஜென்டினா, பிரேசில், நெதர்லாந்து, ஸ்பெயின் என்று மூலப் பதிவேட்டைத் தேடி எடுத்துப் பார்த்தால் தாத்தா பாட்டி பிறந்ததே அங்கேதான். ஏழு பேருக்கும் 12 மாதத் தடை, சங்கத்துக்கு மூன்றரை லட்சம் சுவிஸ் ஃபிராங்க் அபராதம்.

#7 பாம்பன் சுறா

தொண்டி அண்ணே, போன தடவை அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் பைனலுக்கு மலப்புறத்திலிருந்து ஒரு ஸ்ட்ரைக்கரை இறக்கினீர்களே, அவருடைய தாத்தா தொண்டியா?

#8 தொண்டி கோலி

அது ஊர்ப் போட்டி. அணிக்கு இரண்டு கெஸ்ட் என்று விதியிலேயே இருக்கிறது. அது வேறு, இது வேறு.

#9 பாம்பன் சுறா

சரிங்கண்ணே.

#10 ஈப்போ பெரியபட்டினம்

மலேசியா என்ற பெயர் அடிபட்டதால் உள்ளே வருகிறேன். என் அப்பாவின் அப்பா பெரியபட்டினத்திலிருந்து நாகப்பட்டினம் போய்க் கப்பலேறி வந்தவர். நான் பிறந்தது ஈப்போ.

அந்த ஏழு பேர் விஷயத்தில் இங்கே பந்து ரசிகர்களுக்கு அவமானம். எங்களைப் போன்ற குடும்பங்களுக்குக் கூடுதலாக ஒரு வயிற்றெரிச்சல். சான்றிதழில் பினாங்கு, மலாக்கா, ஜொகூர், சரவாக் என்று அழகாக ஊர் எழுதியிருந்தார்கள். நிஜமாகவே இந்த ஊர்களில் பிறந்து, தோட்டத்தில் பால் மரம் வெட்டி, இன்னும் சிவப்பு ஐசியை (குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிகளின் அடையாள அட்டை) வைத்துக்கொண்டு குடியுரிமை ஆபீஸ் படி ஏறி இறங்கும் தமிழ்க் கிழவர்கள் இருக்கிறார்கள். பிறப்பைப் பதியாமல் விட்ட குடும்பங்கள், காகிதம் தொலைந்த குடும்பங்கள். அவர்களுக்கு வராத குடியுரிமை கோல் அடிக்கிறவனுக்குச் சில மாதத்தில் வந்துவிட்டது.

என் மகன் பள்ளி அணியில் ஆடுகிறான், இடது கால்காரன். ஊரிலிருந்து போன் வந்தால் அவனிடம் முதல் கேள்வியே 'இந்தியாவுக்கு ஆடுவியா?' என்பதுதான். அவனுக்குப் பெரியபட்டினம் என்றால் சந்தனக்கூடும் பாட்டி வீட்டுத் திண்ணையும்தான். இந்தியாவுக்கு ஆட வேண்டுமென்றால் மலேசியக் குடியுரிமையை விட வேண்டும், இரண்டு நாடும் இரட்டையை ஒத்துக்கொள்வதில்லை. எதற்காக விட வேண்டும்? கோல்கீப்பர் ஆறுமுகத்தை இங்கே ஸ்பைடர்மேன் என்று கொண்டாடினார்கள். 2010இல் ஆசியான் கோப்பையை மலேசியாவுக்கு வாங்கிக் கொடுத்த கோச் ராஜகோபால். அவர்கள் யாரும் தாத்தா நாட்டைத் தேடிப் போகவில்லை. பிறந்த மண்ணுக்கு ஆடினார்கள். எனக்கு அதுதான் சரியாகப் படுகிறது. வில்லியம்ஸ் வந்தால் வாழ்த்து, வராமல் இருந்தாலும் தப்பில்லை. ஆனால் வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகள் எல்லாம் ஊருக்குக் கடன்பட்டவர்கள் என்கிற மாதிரி பேசாதீர்கள்.

#11 கீழக்கரை ஏழாம் நம்பர்

மாமா, கடன் என்று நான் சொல்லவில்லை. ஆசையாக வருகிறவனைத் தடுக்க வேண்டாம் என்றுதான் சொல்கிறேன். நம்ம பக்கம் பிள்ளை உம்மா வீட்டில்தான் வளர்கிறது. வாப்பா ஊர் வேறாக இருந்தாலும் தெருப் பந்தில் உம்மா தெரு அணிக்குத்தான் ஆடுவான். அப்படிப் பார்த்தால் வில்லியம்ஸ் நம்ம வழக்கத்துக்கே ஒத்துவருகிறார்.

#12 மண்டபம் பத்து

இந்த இழையை வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். பெரியபட்டினம் மாமா சிவப்பு ஐசி பற்றிச் சொன்னதால் எழுதுகிறேன்.

நான் மண்டபம் இலங்கை அகதிகள் முகாமில் 2003இல் பிறந்தவன். அப்பா, அம்மா 1990இல் மன்னாரிலிருந்து படகில் வந்தவர்கள். பிறப்புச் சான்றிதழ் தமிழ்நாடு அரசு கொடுத்தது, பள்ளிக்கூடம் இந்த மாவட்டம், கல்லூரி இந்த மாவட்டம், முதல் பூட்ஸ் வாங்கியது இராமநாதபுரம் அரண்மனைக் கடைத்தெரு. நான் இந்தியக் குடிமகன் கிடையாது. 1987 ஜூலை 1க்கு முன்னால் இந்தியாவில் பிறந்தவர்களுக்குப் பிறப்பே போதும். அதற்குப் பிறகு பிறந்தால் பெற்றவர்களில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3க்குப் பிறகு அதுவும் போதாது, மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாக இருக்கக் கூடாது. எங்கள் வரிசை வீட்டு அண்ணன் ஒருவர் இராமேஸ்வரத்துப் பெண்ணைக் கட்டியிருக்கிறார். அவர்கள் பிள்ளைக்கும் இந்தக் கடைசி விதி தடுக்கிறது.

ஃபிஃபா கணக்கில் எனக்குப் பூர்வீக நாடு இலங்கை. சென்னையில் இருக்கும் துணைத் தூதரகத்தில் பதிந்து அந்தக் குடியுரிமையை எடுக்கலாம். நான் ஒரு நாள் கூட அங்கே இருந்ததில்லை. எடுத்தால் இங்கே குடியுரிமை கேட்கிற வழி அடைபட்டுவிடுமோ என்று அப்பா பயப்படுகிறார். இலங்கை அணி இப்போது வெளியே பிறந்தவர்களைத் தேடி எடுக்கிறது. லண்டனில் பிறந்த டிலன் டி சில்வா, ஜெர்மனியில் பிறந்த கிளாடியோ கம்மர்க்நெக்ட் எல்லாம் வந்துவிட்டார்கள். லண்டன், டிரெஸ்டன் வரை தேடுகிறவர்கள் தனுஷ்கோடிப் பக்கம் 30 கிலோமீட்டர் எட்டிப் பார்க்கவில்லை.

தேசிய அணிக்கு ஆடும் அளவுக்கு நான் ஒன்றும் பெரிய ஆட்டக்காரன் இல்லை. எங்களுக்குத் தட்டுகிற இடம் இன்னும் கீழே. உள்ளூர்ப் போட்டிகளில் 'ஊர்க் கடிதம்' கேட்கிறார்கள். ஜமாத்தோ ஊர்த் தலைவரோ கையெழுத்துப் போட்டு, இவன் எங்கள் ஊர் ஆள் என்று சொல்ல வேண்டும். முகாமுக்கு அப்படி யார் இருக்கிறார்கள்? போன வருடம் ஒரு போட்டியில் எங்களை கெஸ்ட் கணக்கில் சேர்த்தார்கள். அணிக்கு இரண்டு கெஸ்ட்தான் என்பதால் எங்களில் இரண்டு பேர் வேறு ஊர் அணியில் ஆடினார்கள், மற்றவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். மலப்புறத்து அண்ணனும் நானும் ஒரே கணக்கு.

#13 மதுரை ஸ்டாண்ட்

அப்படியானால் அந்த நாட்டுக்கே போய் ஆட வேண்டியதுதானே. இங்கே எதற்கு அழுகை?

#14 நெறியாளர்

#13ஐ நீக்கவில்லை, பதில் வர வேண்டும் என்பதால் விட்டு வைத்திருக்கிறேன். இனி இந்த மாதிரி எழுதினால் கணக்கு முடக்கப்படும்.

#15 தங்கச்சிமடம் பி.டி. டீச்சர்

மதுரைத் தம்பிக்கு: போவதற்கு அவனுக்கு எந்தப் பாஸ்போர்ட்டும் இல்லை. அதைத்தான் அவன் மேலே எழுதியிருக்கிறான், வாசித்துவிட்டு எழுதுங்கள்.

நான் பெண் பிள்ளைகளுக்குப் பந்து சொல்லிக்கொடுக்கிறேன். முகாமிலிருந்து வரும் பிள்ளைகள் ஓட்டத்தில் கெட்டி. பள்ளிக்கூடம் வரை ஒரு சிக்கலும் கிடையாது. ஒரு பெண், நடுக்களத்தில் ஆடுவாள், இரண்டு பக்கமும் பார்த்துப் பாஸ் கொடுக்கத் தெரிந்தவள். அவளைப் பெரிய அகாடமி ஒன்றுக்கு அனுப்பலாம் என்று பேச்சு வந்தபோது அவளுடைய அம்மாவே வேண்டாம் என்றுவிட்டார். 'மேலே போனால் பாஸ்போர்ட் கேப்பாங்க டீச்சர், அப்ப நிக்கிறதுக்கு இப்பவே நின்னுக்கட்டும்.' நான் என்ன சொல்ல முடியும்? அவள் இப்போது நர்சிங் படிக்கிறாள்.

வில்லியம்ஸ் மேல் எனக்கு வருத்தம் இல்லை. ஒப்புதல் சான்றுக்காக ஓர் ஆட்டம் உட்கார்ந்தார் என்று எல்லாப் பத்திரிகையும் எழுதுகிறதே, அதைப் படிக்கும்போது இந்தப் பெண் ஞாபகம் வருகிறது.

#16 ஹாங்காங் காக்கா

டீச்சர், மனசு கனத்துப் போச்சு. இந்தக் கோணத்தில் நான் யோசிக்கவில்லை. இங்கே ஹாங்காங்கில் நம்ம பிள்ளைகள் ஏழு வருடம் இருந்து நிரந்தரக் குடி அட்டை வாங்கிவிடுகிறார்கள். அதை வைத்துக்கொண்டு நான் மொராக்கோ கதை சொல்லிக்கொண்டிருந்தேன்.

#17 ஏர்வாடி விசில்

ஒரு பழைய விஷயம். மண்டபம் முகாம் முதலில் கட்டப்பட்டது அகதிகளுக்காக இல்லை. வெள்ளைக்காரன் காலத்தில் சிலோன் தோட்டங்களுக்குப் போகிறவர்களை நிறுத்தி, நோய் இருக்கிறதா என்று பார்த்து அனுப்பிய இடம். அப்படிப் போனவர்களின் பேரப்பிள்ளைகள் எந்த நாட்டுக்காரர்கள் என்று 1964இல் சாஸ்திரியும் சிறிமாவோவும் உட்கார்ந்து எண்ணிக்கையில் பங்கு போட்டார்கள். ஐந்தே கால் லட்சம் பேர் இந்தியாவுக்கு, மூன்று லட்சம் பேர் சிலோனுக்கு. மிச்சம் ஒன்றரை லட்சம் பேரை அப்புறம் பார்க்கலாம் என்று விட்டுவிட்டு 1974இல் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். ஆளைக் கேட்டுப் பிரித்த கணக்கு இல்லை அது.

இப்போதைய நிலவரம்: 2019ஆம் வருடக் குடியுரிமைத் திருத்தத்தில் இலங்கை இல்லை. 2015 ஜனவரி 9க்குள் வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழர்கள் மேல் பாஸ்போர்ட், விசா இல்லை என்று வழக்குப் போடக் கூடாது என்று 2025 செப்டம்பரில் ஓர் உத்தரவு வந்தது. அது நல்லதுதான், ஆனால் அதனால் குடியுரிமை வந்துவிடாது. 1987க்கு முன்னால் முகாமில் பிறந்த ஒருவருக்குப் பாஸ்போர்ட் கொடுக்கச் சொல்லி 2022இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தீர்ப்பளித்தது. அந்தத் தேதிக்குப் பிறகு பிறந்த பத்து மாதிரி ஆட்களுக்கு அது உதவாது.

#18 லண்டன் வல்வை

வெளியூர்க்காரன், மன்னிக்கவும். 2018இல் இங்கே லண்டனில் கோனிஃபா உலகக் கோப்பை நடந்தது. ஃபிஃபாவில் இல்லாத அணிகளுக்கானது. தமிழீழ அணி ஆடியது, நானும் பார்க்கப் போனேன். தோல்விதான் அதிகம், கொட்டு மேளத்துக்குக் குறைவில்லை. சட்டையைப் போட்டவர்கள் எல்லாம் கனடா, ஐரோப்பாப் பாஸ்போர்ட் வைத்திருக்கிற பிள்ளைகள். அங்கே வந்து ஆடவும் விசா வேண்டும். மண்டபம் தம்பிக்கு அந்தக் கதவும் திறக்காது.

#19 மண்டபம் பத்து

வல்வை அண்ணா, கேள்விப்பட்டிருக்கிறேன். யூடியூபில் பார்த்தோம்.

எனக்கு வில்லியம்ஸ் ஆட வேண்டும் என்றுதான் ஆசை. அவர் வலது பக்கம் வெட்டி உள்ளே வருவதை நாங்கள் ஸ்லோ மோஷனில் போட்டுப் பழகுகிறோம். நீங்கள் சண்டை போடும் 'பூர்வீகமா, பிறந்த மண்ணா' என்ற கேள்வியில் இரண்டில் ஒன்று கையில் இருப்பவர்கள்தான் பேச முடிகிறது, அவ்வளவுதான்.

#20 தொண்டி கோலி

பத்து, நான் வில்லியம்ஸ் விஷயத்தில் சொன்னதை மாற்றிக்கொள்ளப் போவதில்லை. காகிதம் சரியாக இருக்கிறது, ஆடட்டும், நான் கைதட்ட மாட்டேன். சங்கம் அந்த வேகத்தை உள்ளூர்ப் பையன்களிடம் காட்டட்டும் என்பதுதான் என் சண்டை. உள்ளூர்ப் பையன் என்றால் அதில் நீயும் உண்டு. இந்தக் கடற்கரையில் பிறந்து இந்த மணலில் ஆடியவனை கெஸ்ட் என்று எழுதினால் மலப்புறத்துக்காரரை என்னவென்று எழுதுவது?

எங்கள் செவன்ஸ் ஜனவரியில் வைப்பதாக இருக்கிறோம். கமிட்டியில் நானும் ஓர் ஆள். ஊர்க் கடிதத்துக்குப் பதில் முகாம் அடையாள அட்டை நகல் போதும் என்று நேற்று ராத்திரி பேசி முடித்தாயிற்று. இரண்டு பெரியவர்கள் முணுமுணுத்தார்கள், அவர்களை நான் பார்த்துக்கொள்கிறேன். மண்டபம் முகாம் என்று தனி அணியாகவே வாருங்கள். ஏழு பேர், மூன்று மாற்று ஆட்கள். கெஸ்ட் இரண்டு பேர் வரை, எல்லாருக்கும் உள்ள விதிதான்.

#21 பாம்பன் சுறா

முட்டி வலிக்காரனுக்கு கெஸ்ட் இடம் உண்டா?

#22 கீழக்கரை ஏழாம் நம்பர்

எங்கள் தெருப் போட்டிக்கும் இதே விதியைக் கேட்டுப் பார்க்கிறேன். எங்கள் கமிட்டி கொஞ்சம் பிடிவாதம். போன வருடம் உம்மா தெருவா, வாப்பா தெருவா என்பதிலேயே அரை நாள் போனது.

#23 மண்டபம் பத்து

தொண்டி அண்ணே, நிச்சயம் வருகிறோம். இரண்டு விஷயம். எங்கள் கோல்கீப்பர் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலையில் இருக்கிறான், பொங்கல் லீவில்தான் வருவான். ஆட்டம் அதை ஒட்டி இருந்தால் நல்லது. அப்புறம், முகாமில் தணிக்கை நாள் என்று ஒன்று உண்டு. அதிகாரிகள் வந்து பெயர் கூப்பிடும்போது எல்லாரும் இருக்க வேண்டும், இல்லையென்றால் அந்த மாத உதவித்தொகை சிக்கலாகும். அந்த நாளில் எங்கள் ஆட்டத்தைப் போட்டுவிடாதீர்கள்.

#24 தொண்டி கோலி

தணிக்கைத் தேதி தெரிந்ததும் எனக்குத் தனிச் செய்தியில் அனுப்பு, அதைப் பார்த்துவிட்டு அட்டவணை போடுகிறேன். பொங்கலுக்கு அடுத்த நாள் முதல் சுற்று. காலை ஆறரைக்கு விசில், வெயில் ஏறுவதற்குள் முடித்துவிட வேண்டும். ரெஃப்ரி ஏர்வாடி அண்ணன்தான், அவரிடம் இன்னும் கேட்கவில்லை.

#25 ஏர்வாடி விசில்

கேட்காமலே வருகிறேன். போன தடவை மாதிரி பந்தில் காற்று இல்லாமல் வைக்காதீர்கள்.